கோடிட்ட இடம்

படிவத்தில் ஒரு வரி மட்டும் மிச்சம்.
பெயர் எழுதியாயிற்று: சந்தனம் புஷ்பலீலா.
வயது நாற்பத்தொன்று.
தொழில்: போட்டோ கொப்பி, லெமினேட்டிங்.
நிரந்தர முகவரி என்ற இடத்தில்
பேனை நிற்கிறது,
ஏற்றத்தில் கியர் விழாத வண்டியாக.

வேனுக்குள்தான் இருக்கிறேன், மூன்று வருஷமாக.
பின்சீட்டுகளைக் கழற்றி விற்ற காசில்
இன்வேட்டரும் ஒரு பழைய மெஷினும் வந்தன.
மெஷினுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே
ஐந்தடி இரண்டங்குலம் இடம்.
நான் ஐந்தடி ஒன்று.

திங்கள் நுவரெலியா கச்சேரி வாசல்.
புதன் வெலிமடை, வெள்ளி பண்டாரவளை,
மாதத்தில் ஒருமுறை பலாங்கொடை வரை இறக்கம்.
ஊரே வரிசையில் நின்று
தன் வதிவிடச் சான்றிதழை என் கையில் தருகிறது.
ஒரு பிரதி இருபது ரூபா.
எத்தனை பேருடைய வீட்டு இலக்கம்
சுடச்சுட என் விரலில் வந்து விழுந்திருக்கிறது!
மழை நாளில்
அந்தத் தாள்களில்தான் குளிர் காய்வேன்.

வண்டி லைசன் முடியப் பதினாறு நாள்.
மூன்று மாகாணம் ஓடுகிறேன்,
ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

லிந்துலையில் தம்பி சொன்னான்:
"பேரைப் போடலாம் அக்கா, அதுக்கென்ன.
ஆனா ஏழு பேர்ச் காணி குடுக்கப் போறாங்களாம்.
லிஸ்ட்டுல இன்னொரு ஆள் இருந்தா..."
மீதியை
அவன் மனைவி சீனி கலக்கிய கரண்டி சொன்னது.
கோபமில்லை.
அந்த லயத்தில் நாங்கள் பிறந்தபோது
எங்கள் எல்லாருக்கும் ஒரே முகவரி, துரையின் ஒபிஸ்.
பெரியப்பா செத்த தந்தியை
கணக்கப்பிள்ளை வாசித்து, மடித்து,
சம்பள நாளில்தான் அப்பாவிடம் கொடுத்தார்.
அதற்குள் முப்பதாம் நாள் காரியமே முடிந்திருந்தது.

பலாங்கொடையில் ஒரு பெரிய மனிதர்
மாடிவீட்டு இலக்கத்தையே தரத் தயார்.
வருஷத்துக்கு ஐயாயிரம்,
அதோடு தேர்தல் வந்தால்
அவர் காட்டும் சின்னத்துக்கு என் புள்ளடி.
மலிவுதான். யோசித்தேன், பொய் சொல்லவில்லை.

வெலிமடையில் நிஹாரா,
டயர் ஒட்டும் கடை, கை முழுக்கக் கரி.
"எழுதுங்க. கடிதம் வந்தா கோல் எடுக்கிறன்.
பிரிக்க மாட்டன்."
எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன்.
தொங்கிய லொறி டயரொன்றைக் காட்டினாள்.
"இதுக்குள்ள. எலி வராது, தண்ணி வராது.
விக்கிறதும் இல்ல, வெடிச்ச டயர்."

கிராம சேவகர் அபேகோன் கண்ணாடியைக் கழற்றினார்.
டயர் கடைக்குள் ஒரு பெண் குடியிருக்கிறாளா?
இல்லை என்றேன். வேனில்.
"ராத்திரி வேன் எங்க நிக்கும்?"
கெப்பட்டிப்பொலவுக்கு முன்னால் ஒரு வளைவு,
மாகாணப் பலகை நடப்பட்ட இடம்.
முன் டயர் ஊவாவில், பின் டயர் மத்திய மாகாணத்தில்,
அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்த கல்.
அங்கேதான் ரோட்டு அகலம்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.
கொஞ்சம் யோசித்து, சட்டப் புத்தகத்தில் இல்லாததை
மிகவும் மரியாதையாகக் கேட்டார்:
"தல எந்தப் பக்கம்?"

சரிவில் நிற்கும் வண்டி.
ஏற்றத்துப் பக்கம்தான் யாரும் தலை வைப்பார்கள்.
ஏற்றம் என்றால் நுவரெலியா, மத்திய மாகாணம்.
"ஊவா" என்றேன்.
முத்திரை விழுந்தது.

வெளியே வந்து என் மெஷினில் மூன்று பிரதி எடுத்தேன்.
அறுபது ரூபாவை டப்பாவில் போட்டேன்.
இரண்டாவது பிரதி ஓரத்தில் கறுத்துப் போனது.
அதற்கும்தான்.

அன்றிரவு வளைவில் கல் வைத்துவிட்டு
தலையணையை மறுமுனைக்கு எறிந்தேன்.
கால் மேட்டில், தலை பள்ளத்தில்.
உடம்பின் இரத்தமெல்லாம் காதுக்கு இறங்கி
இரைந்தது.
கீழே போகும் மரக்கறி லொறிகள் ஒவ்வொன்றும்
என் நெற்றியைத் தட்டிவிட்டுப் போயின.
தூக்கம் வரவில்லை.
இரண்டு மணிவரை அப்படியே கிடந்தேன்,
உத்தியோகபூர்வமாக.